முதலாளிக்கு வயிறு சரியில்லை

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். சாப்பிடாமல் இருப்பதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். ரொட்டி சுட்டு விற்கிற குடும்பம். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அந்த வாசலை வெறுங்கையோடு தாண்டியவர் யாரும் இல்லை. மாடிக்குக் குடிவந்த அன்று நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். கீழே கடையில் உட்கார்ந்திருந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் சார், உடம்பு ஏதாவது?" என்று கேட்டு, கையில் இரண்டு பன்னைத் திணித்து அனுப்பினார். என் இடுப்புவார் கடைசித் துளைக்கு வந்து சேர்ந்து இப்போது வெகுநாளாகிறது.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை அக்கா மாடிப்படியடியில் நின்று, "சார், முதலாளி ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குது" என்று கூப்பிட்டபோது, குரலில் இருந்த பீதி எனக்கு உடனே புரிந்தது. பாதிச் சவரத்தோடு இறங்கினேன்.

முதலாளி என்பது முயல். சாம்பல் நிறம், மூக்கின் மேல் மாவு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. பெயர் வைத்தது அக்காவின் புருஷன். அவரைத் தெருவே ரஸ்க் என்றுதான் கூப்பிடும். மெலிந்து காய்ந்த உடம்பு, டீயைக் கண்டால் மட்டும் இளகுவார். "இந்த வீட்டுல வேலை செய்யாம வேளாவேளைக்குச் சாப்பிடுற ஆளு நான் ஒருத்தன்தான்னு நெனச்சிருந்தேன். எனக்கும் மேல ஒருத்தர் வந்துட்டாரு. அவரை முதலாளின்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடுறது?" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலாளியின் கூண்டு மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அந்த அறைக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரே சுவர். குளிர்காலத்தில் அங்கே போய் முதுகைச் சாய்த்தால் எழுந்து வர மனம் வராது. அந்த வாரமோ காற்றே இல்லை. வெயில் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

நான் போனபோது மாஸ்டர் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். அக்காவின் தம்பி, அடுப்பு அவருடைய ராஜ்யம். ஊர் படுக்கிற நேரத்தில் மாவு பிசைய ஆரம்பிப்பார். விடியும்போது முதல் ரொட்டி வெளியே வரும். கடைசித் தட்டும் இறங்கிய பிறகு, ஊர் வேலைக்குப் போகிற நேரத்தில், பக்கத்து அறையில் போய் விழுவார். அதன் பிறகு கூரையே பெயர்ந்து விழுந்தாலும் சாயங்காலம்தான் அவருக்குச் செய்தி தெரியும். அந்த நேரத்தில் அவர் விழித்திருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதலாளி மூலையில் உருண்டையாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. முன்னால் புல் தட்டு, கீரை, அதற்கும் முன்னால் சமாதானத் தூதாக ஒரு காரட் துண்டு. எதையும் தொடவில்லை.

"காரட்டைக் கூட மோந்து பாக்கல சார்," என்றார் அக்கா. "காரட்டைக் கண்டா கம்பியைக் கடிச்சுக்கிட்டு நிக்கும்."

"சும்மா ஒரு நாள் பட்டினி இருக்கும்கா. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாரத்துல ஒரு நாள்..." என்று ஆரம்பித்தேன். அக்கா பார்த்த பார்வையில் அந்த ஆபீஸ்காரரை அப்படியே கைவிட்டேன்.

மாஸ்டர் முயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தினமும் மலை மலையாக மாவைப் பிசைகிற கை. விரல்நுனியால் அதன் வயிற்றை மெல்ல ஒற்றிப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னடா?" என்றார் அக்கா.

"இறுகிப் போயிருக்குக்கா. உள்ள காத்து கட்டியிருக்கு. வெயில்ல மறந்து வச்ச மாவு இருக்கும் பாரு, தொட்டா பொம்முனு... அது மாதிரி இருக்கு." கூண்டின் அடித்தட்டை இழுத்துப் பார்த்தார். "புழுக்கையும் போடல. நேத்துப் போட்டதும் கடுகு மாதிரி இருக்கு."

அக்கா, மாஸ்டர், கதவோரம் நின்ற ரஸ்க், மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். அப்போது அதை நான் கவலை என்று நினைத்தேன்.

"இன்னிக்கு சனிக்கிழமை," என்றார் அக்கா. சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் சனிக்கிழமை என்றால் பாப்பா வருகிற நாள்.

பாப்பா மாஸ்டரின் மகள். அவளும் அவள் அம்மாவும் இரண்டு வருஷத்துக்கு முன் ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார்கள். பெரிய சண்டை என்றெல்லாம் இல்லை. அவர்கள் விழித்திருந்தபோது இவர் தூங்கினார். இவர் விழித்திருந்தபோது அவர்கள் தூங்கினார்கள். சண்டை போடக்கூட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே. ஒருநாள் சாயங்காலம் இவர் எழுந்து பார்த்தபோது துணிப்பெட்டி கட்டியாகிவிட்டது. புது வீட்டுக்காரர் பிராணிகள் கூடாது என்றாராம். முயல் மட்டும் இங்கே நின்றது.

அதனால்தான் பாப்பா வாராவாரம் வந்தாள். மத்தியானம் அம்மா வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவாள். பாப்பா நேரே மாவு அறைக்குப் போய், மூட்டைமேல் உட்கார்ந்து, முதலாளியை மடியில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொல்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா குறட்டை விடுவார். "அப்பாவை எழுப்பக் கூடாது கண்ணு, ராத்திரி பூரா நின்ன காலு" என்பது அக்காவின் சட்டம். மாஸ்டர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள்.

"டாக்டர்கிட்டப் போயிடலாம்," என்றார் மாஸ்டர்.

ரஸ்க் தொண்டையைக் கனைத்தார். "ஒரு யோசனை. சந்தையில சாம்பல் கலர்ல எத்தனையோ கிடைக்கும். ஒருவேளை ஏதாவது ஆயிட்டா... மூக்குல ஒரு பொட்டு மாவு வச்சா..."

"உங்க மூக்குல வைக்கிறேன் பொட்டு," என்றார் அக்கா. "எடுங்க கூடையை."

ரொட்டி கொண்டுபோகிற கூடையில் துணி விரித்து முதலாளியை வைத்தோம். அக்கா கடையின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். எதிர்த் தையற்காரர் ஓடிவந்து, "என்னக்கா, பகல்ல கடையைச் சாத்துறீங்க?" என்றார்.

"முதலாளிக்கு உடம்பு சரியில்லங்க."

"ஐயோ, காலையில கூடத் தெருவுல பாத்தேனே!" என்று தையற்காரர் பதறியபோது, ரஸ்க் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்து, நோயாளிபோல் தலையை ஆட்டி அந்த அனுதாபத்தை வீணாக்காமல் வாங்கிக்கொண்டார்.

கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் இரண்டு நாய்கள், ஒரு கிளி. நாய்களைப் பார்த்ததும் மாஸ்டர் கூடையைச் சட்டைக்குள் விடுவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கையில் இன்னும் மாவு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணிமை தானாக இறங்கும். இறங்கியதும் திடுக்கிட்டு ஏறும்.

டாக்டர் இளவயதுப் பெண். சிரிக்கவும் இல்லை, கடுகடுக்கவும் இல்லை. முயலின் வயிற்றில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். படம் ஒன்று எடுத்தார்.

"அடைப்பு எதுவும் இல்ல. ஆனா குடல் ஓடாம நின்னுபோயிருக்கு. என்ன குடுக்கறீங்க?"

"புல்லுங்க. காய்ஞ்ச புல்லு," என்றார் மாஸ்டர்.

"வேற?"

"கொஞ்சம் கீரை."

"வேற?"

வெளியே ஒரு நாய் குரைத்தது. நாங்கள் எல்லோரும் அதை மிகுந்த அக்கறையோடு கேட்டோம்.

"இங்க பாருங்க," என்றார் டாக்டர். "புல்லு தின்ன முயலுக்கு வயிறு இப்படிப் புளிச்சுக் கிடக்காது. நான் யாரையும் ஜெயில்ல போட மாட்டேன். சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

அக்காதான் முதலில் உடைந்தார். "காரட்டு குடுப்பேன் டாக்டரம்மா. தெனம் ஒண்ணு. ஆப்பிள் தோலு. வாழைப்பழம் கொஞ்சூண்டு, கொஞ்சூண்டுதான். கடையில தனியா உக்காந்திருப்பேனா, உள்ள போனா ரெண்டு காலுல எழுந்து நின்னு பாக்கும். வந்த புள்ளைகிட்ட எழுப்பாத, சத்தம் போடாதன்னு அதட்டி வைக்கிறவ நான். அவ முயலுக்காவது நல்லது பண்ணுவோமேன்னு..." மூக்கை உறிஞ்சினார். "பாப்பா சொல்லும், நகத்தளவுதான் அத்தை குடுக்கணும்னு. நான் யாரு நகம்னு கேக்கல."

டாக்டர் ரஸ்க்கைப் பார்த்தார். தன் முறை வந்துவிட்டதென்று ரஸ்க்குக்குப் புரிந்தது.

"பிஸ்கட்டு," என்றார். "டீயில நனைச்சு. சும்மா ஒரு துணைக்கு. தனியா டீ குடிச்சா எனக்கு எறங்காது டாக்டர்."

"எத்தனை?"

"அதையெல்லாம் எண்ணுனா நட்பு ஆகுமா?"

"எனக்குத் தெரியாம!" என்று அக்கா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "நீ காரட்டு குடுக்கறதை எனக்குச் சொன்னியா?" என்று ரஸ்க் தேய்த்துக்கொண்டார்.

மாஸ்டர் மெதுவாக, "அவங்க ரெண்டு பேரு குடுத்ததுல ஒண்ணும் இல்லைங்க," என்றார். "நான்தான். நான் அதுக்குன்னு தனியா சுடுவேன்."

"என்ன சுடுவீங்க?"

"தவிட்டு ரஸ்க்கு. கடைசித் தட்டு எடுத்தப்புறம் அடுப்புல அடங்குற சூடு இருக்கும்ல, அதுல. தவிடு, கொஞ்சம் மாவு, கட்டுறதுக்குக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. சின்னச் சின்னதா, அது வாய்க்கு ஏத்த மாதிரி. படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு கை வச்சிட்டுப் போவேன்." டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார்: "கோதுமையும் புல்லு ஜாதிதானே டாக்டர்?"

"நீங்க வைக்கோல்ல ரொட்டி சுடுறீங்களா?"

"இல்ல."

"அப்ப?"

மாஸ்டர் தலைகுனிந்தார். அவருடைய தர்க்கத்தில் நான்கூட ஒரு கணம் மயங்கித்தான் போயிருந்தேன். வாழ்நாள் முழுதும் கோதுமையைத் தொட்டவருக்கு, புல்லுக்கும் ரஸ்க்குக்கும் நடுவில் இருப்பது வெறும் அடுப்புதான்.

"மூணு பேரும் தனித்தனியாத்தான் குடுத்திருக்கீங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான்," என்றார் டாக்டர். "ஆனா அதுக்கு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வயிறு. முயல் குடல் நிக்காம ஓடணும். நார்தான் அதைத் தள்ளிக்கிட்டே இருக்கும். மாவும் சர்க்கரையும் போனா உள்ள நுரைச்சுக் காத்து பிடிச்சுக்கும். பல்லும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், புல்லை மென்னாத்தான் தேயும். இனிப்பு கிடைச்சா யாரு புல்லை மெல்லுவா?"

"வலிக்குமா அதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"நல்லா வலிக்கும். ஆனா காட்டிக்காது. பலவீனமா தெரிஞ்சா வேற மிருகம் பிடிச்சுடும்னு, முயல் கடைசி வரைக்கும் நல்லா இருக்கற மாதிரியே உக்காந்திருக்கும். நாமதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

"கடைசி வரைக்குமா?" என்று கேட்டார் மாஸ்டர். டாக்டர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஊசி போட்டார். வலிக்கு ஒன்று, குடல் ஓட ஒன்று. தோலுக்கடியில் நீர் ஏற்றினார். புல்மாவைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பல்லுக்குப் பின்னால் கடைவாயோரம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது என்று காட்டிக்கொடுத்தார். வயிற்றை மெல்லத் தடவிவிடச் சொன்னார்.

"புழுக்கை போட்டுச்சுன்னா பிழைச்சுக்கும். போடலன்னா சாயங்காலம் திரும்பக் கொண்டுவாங்க. உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன். எங்க வச்சிருக்கீங்க இதை?"

"மாவு ரூம்ல. அடுப்புச் சுவரு ஓரம்."

டாக்டர் பேனாவை மூடினார். "முயலுக்கு வேர்க்காதுங்க. காது வழியாத்தான் சூடு இறங்கணும். இந்த வெயில்ல அடுப்புச் சுவரா? முதல்ல இடத்தை மாத்துங்க."

திரும்பி வருகிற வண்டியில் மாஸ்டர் எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "நான் பாக்க வேண்டிய வேலையை இது பாக்குது சார். என் புள்ள வந்தா வான்னு கேக்குது. அவ சொல்றதை எல்லாம் காது குடுத்துக் கேக்குது. அதுக்கு ஒரு கூலி குடுக்க வேண்டாமா? எனக்குத் தெரிஞ்ச கூலி சுடுறது ஒண்ணுதான்." கூடையின் துணியைச் சரிசெய்தார். "இது போயிட்டா அவ எதைப் பாக்க வருவா?"

நான் கூடையின் இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கடையின் முன்பகுதியில் தரை சில்லென்றிருக்கும். கதவைப் பாதி இறக்கி, பலகையை நகர்த்தி, அங்கே துணி விரித்தோம். மாஸ்டர் முதலாளியை மடியில் வைத்துக்கொண்டு புல்மாவைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பாதி தாடையில் வழிந்தது. பாதி உள்ளே போனது.

"நீ போய்ப் படுடா," என்றார் அக்கா. "ராத்திரி அடுப்பு முன்னால விழுந்துடுவ. நான் பாத்துக்கறேன்."

"வேணாம்கா."

"பாப்பாவுக்கு என்ன சொல்றது? நான் வேணா போன் பண்ணி, இந்த வாரம் வர வேணாம், வீட்டுல வெள்ளையடிக்கிறோம்னு..."

"நான்தான் பண்ணணும்," என்று மாஸ்டர் எழுந்தார்.

அவர் பாப்பாவின் அம்மாவிடம் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. விலகிப்போன மனைவியை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆகவே எல்லா வாக்கியத்தையும் ஆளே இல்லாமல் பேசினார்: "நான்தான் பேசறது. ஒரு விஷயம் சொல்லணும். முயலுக்கு உடம்பு சரியில்லை. ரொம்பத்தான். என் தப்புதான், கண்டதையும் குடுத்துட்டேன். பாப்பாகிட்ட மறைக்க வேண்டாம். கொஞ்சம் சீக்கிரமா வர முடிஞ்சா..." கேட்டுக்கொண்டிருந்தார். "முழிச்சுத்தான் இருக்கேன்," என்று முடித்தார். அந்தப் பக்கம் என்ன கேட்டிருப்பார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது.

சீக்கிரமே வந்துவிட்டார்கள். பாதிக் கதவுக்கு அடியில் குனிந்து பாப்பா உள்ளே வந்தாள். பின்னால் அவள் அம்மா; கையில் வண்டிச் சாவி, முகத்தில் எதுவும் இல்லை. "வாம்மா," என்றார் அக்கா. "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்றாள் அவள்.

பாப்பா அழவில்லை. அப்பா மடியிலிருந்து முதலாளியை வாங்கினாள். ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்னங்காலுக்கடியில். அது அவள் கழுத்தோரம் மூக்கை வைத்துக்கொண்டது.

"யாரு குடுத்தா?"

மூன்று கைகள் எழுந்தன. வகுப்பறை மாதிரி. அக்கா காரட்டைச் சொன்னார், ரஸ்க் பிஸ்கட்டைச் சொன்னார், மாஸ்டர் தவிட்டு ரஸ்க்கைச் சொன்னார். "நான்தான் அதிகம்" என்று ஆளுக்கொரு தடவை சண்டை வேறு போட்டுக்கொண்டார்கள். பாப்பா மூவரையும் பார்த்தாள்.

"போன வாரமே புல்லுத் தட்டு நிறைஞ்சு அப்படியே இருந்துச்சு," என்றாள். "புழுக்கை சின்னதா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"ஏன் பாப்பா சொல்லல?" என்றார் மாஸ்டர்.

"யாருகிட்ட சொல்றது? நீ தூங்கிட்டிருந்த."

குற்றச்சாட்டு மாதிரியே இல்லை. 'மழை பெய்தது' என்பதுபோல் சொன்னாள். அக்கா சட்டென்று உள்ளே போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. உருட்ட அங்கே பாத்திரம் எதுவும் அந்த நேரத்தில் கிடையாது. மாஸ்டர் கையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிட்ட வா," என்றாள் பாப்பா. "வேகமா விட்டா புரையேறும். நான் பிடிச்சுக்கறேன், நீ விடு. மெதுவா."

அப்பாவும் பெண்ணும் தரையில் முட்டியோடு முட்டியாக உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். பாப்பாவின் அம்மா சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். மாஸ்டர் முயலின் வயிற்றை இரண்டு விரலால் வட்டமாகத் தடவிவிட்டார்.

"அப்பா, எப்படித் தெரியும் எவ்வளவு அழுத்தணும்னு?"

"மாவு சொல்லும். அழுத்துறப்ப எதிர்த்தா விட்டுடணும். இதுவும் சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"இப்பவா? போடா தடியா, உன் ரஸ்க்கு தின்னு நான் பட்ட பாடு போதும்னு சொல்லுது."

பாப்பாவின் உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. பிறகு அவள் ஏதோ பள்ளிக்கூடத்துக் கதையை முதலாளியிடம் சொல்ல ஆரம்பித்தாள். அறிவியல் வாத்தியாரின் வழுக்கையில் காக்கை எச்சமிட்டது பற்றி. நடுவில் யார் யார் என்று மாஸ்டர் கேட்டார். அவள் பொறுமையாக, முதலிலிருந்து ஆரம்பித்து, ஆட்களை எல்லாம் அறிமுகப்படுத்தினாள். இரண்டு வருஷப் பாக்கி அது. அவர் தலை இரண்டு தடவை சரிந்தது. இரண்டு தடவையும் தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டார்.

மத்தியானம் போயிற்று. ஐந்து பெரியவர்களும் ஒரு சிறுமியும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒரு முயலின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தத் தலைவரின் வருகைக்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. கதவுக்கு வெளியே யாரோ, "ரொட்டி இருக்கா?" என்று குனிந்து கேட்டார். ரஸ்க் வாயில் விரலை வைத்து, "உஷ்!" என்றார்.

வெயில் கதவடியிலிருந்து விலகத் தொடங்கியபோது முதலாளி எழுந்தது. ஒரு காதை ஆட்டியது. இரண்டு அடி தத்தியது. வாலைத் தூக்கியது.

"போட்டுருச்சு!" என்று கத்தினார் ரஸ்க்.

மூன்று உருண்டைகள். சிறியவை, கோணல்மாணலானவை, ஒட்டிக்கொண்டவை. மாஸ்டர் அவற்றை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கா, "கடவுளே கடவுளே" என்று யாரையோ கும்பிட்டார். பாப்பாவின் அம்மா சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். முதலாளி இந்த அமளியை எல்லாம் பொருட்படுத்தாமல் ஒரு புல்லை இழுத்து, யோசித்து, நுனியிலிருந்து மெல்லத் தொடங்கியது. அந்தக் கரகர சத்தத்தை நாங்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் கேட்டோம்.

டாக்டருக்குப் போன் போட்டோம். நல்ல சகுனம், இன்னும் இரண்டு நாள் கவனமாகப் பார்க்க வேண்டும், புல்மாவை நிறுத்த வேண்டாம், சூடு ஆகவே ஆகாது என்றார்.

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். கடையை ராத்திரி திறந்துவைக்க முடியாது, சாத்தினால் புழுங்கும். உள்ளே எங்கே போனாலும் அடுப்பு. என் மாடி, அடுப்புக்கு நேர் மேலே. "வேற எங்கயாவது வைக்கணும்," என்றார்.

"எங்க வீட்டுல பின்னால நிழல் இருக்கு," என்றாள் பாப்பாவின் அம்மா. "காத்தும் வரும்."

"வீட்டுக்காரர் கூடாதுன்னாரே?"

"அது எப்பவோ மாறிப்போச்சு. போன வருஷமே கேட்டேன். சரி, வச்சுக்கோங்கன்னுட்டாரு."

"அப்ப ஏன்..."

அவள் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா புல்லைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அடுக்கி முடித்த புல்.

"இவதான் வேணாம்னா," என்றாள் அம்மா.

போன வருஷத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் ஒவ்வொன்றாக மாஸ்டர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு எழுந்தார். கூடையில் புதுத் துணியை விரித்தார், புல்லைப் பரப்பினார், முதலாளியைத் தூக்கி வைத்தார். பழக்கதோஷத்தில் கை அலமாரிப் பக்கம் போய், பாதியில் நின்று, சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பிவந்தது.

"கொண்டுபோ பாப்பா," என்றார். "இங்க இருந்தா செத்துடும். நாங்க இதைக் கொன்னுடுவோம், பாசத்துலயே."

பாப்பா கூடையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அம்மா வண்டியை எடுத்தாள். பாப்பா அங்கேயே நின்று, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்:

"முதலாளியும் அங்க வந்துட்டா, நான் எதுக்கு இங்க வர்றேன்னு எல்லாரும் கேப்பாங்கல்ல? என்ன சொல்றது?"

இத்தனை நாளும் மாஸ்டருக்குப் பதிலாக இருந்தது, கூடைக்குள் புல் மென்றுகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியல பாப்பா," என்றார் கடைசியில். "பன்னு தர்றேன்னு சொல்லலாம். அது உங்க தெருவுலயே கிடைக்கும். சும்மா வா. நான் முழிச்சிருக்கேன்."

"இருக்க மாட்ட."

"மாட்டேன்தான்," என்று ஒத்துக்கொண்டார். நின்றபடியே அவர் உடம்பு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "முடிஞ்ச வரைக்கும் இருக்கேன்."

பாப்பா யோசித்தாள்.

"தூங்கினா எழுப்புவேன்."

"எழுப்பு."

"அத்தை திட்டினாலும் எழுப்புவேன்."

"நான் ஏன்டி திட்டப் போறேன்," என்றார் அக்கா.

பாப்பா ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. அவள் கையசைக்கவில்லை, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்திருந்தாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.